கீறல் விழாத கடிகாரம்

செத்த பூச்சு மினுங்காது. ரேடியம் கலந்து கடிகார எண்களின் மேல் பூசிய அந்தப் பச்சைக்கு ஆயுள் சில வருஷங்கள்தான். அறுபதுகளில் செய்த கடிகாரத்தில் அது பனைவெல்ல நிறத்துக்கு மாறி, எந்த இருட்டிலும் கண் திறக்காமல் கிடக்கும். அப்படியிருக்க, மழைக்குக் கரண்ட் போன அந்தச் சாயங்காலம், மெழுகுவத்தி தேடி ஹாலுக்கு வந்த சுப்புராமன், கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் பச்சையாக ஒரு வட்டம் மிதப்பதைப் பார்த்துவிட்டு, கையில் தீப்பெட்டியோடு அப்படியே நின்றான். வெளியே சவுக்குத் தோப்பில் காற்று அலை மாதிரி வந்து மோதிக்கொண்டிருந்தது. ஹாலில் கடல் வாடை அடித்தது. புதுப்பட்டினத்தில் வீடு எடுத்தவனுக்குக் கடல் வாடை புதிதில்லைதான். ஆனால் இது கரையில் அடிக்கிற வாடை இல்லை. வெயிலே படாத ஆழத்துச் சேறு இப்படித்தான் நாறும் என்று ஏனோ தோன்றியது.

தீக்குச்சி எரிந்ததும் பச்சை அணைந்துபோனது. கண் ஏமாற்றியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சுப்புராமன் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கருவிகள் பிரிவில் வேலை பார்ப்பவன். வீட்டில் மனைவி ஸ்ரீதேவி, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் அனு. இவர்கள் போக அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம், கடலுக்குள் முக்குளித்து வேலை செய்தவர்கள் கையில் கட்டிய பழைய கடிகாரங்கள். அதிலும் அவன் ஆசாரம் பெரிய ஆசாரம். பாலிஷ் போடக்கூடாது, முள்ளை மாற்றக்கூடாது, பின்மூடியைத் திறக்கக்கூடாது, இடுக்கில் இருக்கும் அழுக்கைக்கூடக் குச்சியால் நோண்டக்கூடாது. "கோயில் மூலவருக்குக்கூட வருஷத்துக்கு ஒரு தைலக்காப்பு உண்டு, உங்க கடிகாரத்துக்கு அதுவும் கிடையாது" என்பாள் ஸ்ரீதேவி. அவன் சிரிப்பான். ஒரிஜினல் ஒரு தடவைதான் ஒரிஜினலாக இருக்க முடியும் என்பது அவன் வேதம்.

நடுத்தட்டுக் கடிகாரம் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மீனவர் பார்த்திபனின் வலையில் அகப்பட்டது. பட்டை இல்லை. ஓடவில்லை. முகத்தைச் சுற்றியிருக்கும் வளையம் உப்பு பூத்து இறுகியிருந்தது. அந்த வளையம்தான் முக்குளிப்பவனின் உயிர். இறங்கும்போது அதிலுள்ள முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைப்பான். முள் குறியைத் தாண்டி எவ்வளவு தூரம் போகிறதோ, முதுகிலிருக்கும் உருளையில் அவ்வளவு காற்று செலவு. இப்போது வருகிற கடிகாரங்களில் வளையம் ஒரு பக்கம்தான் திரும்பும். அந்தக் காலத்து வளையம் இரண்டு பக்கமும் திரும்பும். எதிலாவது உரசித் தவறான பக்கம் நகர்ந்துவிட்டால், தீர்ந்துபோன காற்று இன்னும் இருப்பதாகக் காட்டும். நம்பினவன் மேலே வரமாட்டான்.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்தான். முக்கோணம் இடம் மாறியிருந்தது. உப்பு அப்படியே இருந்தது, ஒரு பொருக்குகூட உதிரவில்லை. ஆனால் குறி நகர்ந்து, நிமிட முள்ளுக்கு மிகச் சரியாக நேரே நின்றது. காதருகே கொண்டுபோனான். ஓடிக்கொண்டிருந்தது.

"யார் இதைத் தொட்டது?"

"அதைத் தொட்டா நீங்க வீட்டை ரெண்டாக்கிடுவீங்கன்னு தெரியாதா?" என்று சமையலறையிலிருந்து வந்தாள் ஸ்ரீதேவி. "விடுங்க. அனுவுக்கு விடியக்காலைலேர்ந்து இழுப்பு. வந்து பாருங்க."

குழந்தைக்கு மழை நாளில் இழுப்பு வருவது வழக்கம். நெபுலைசரின் முகமூடியை மூக்கில் வைத்து மருந்துப் புகை கொடுத்தால் அடங்கிவிடும். இந்தத் தடவையும் அடங்கியது. ஆனால் மூடியை எடுத்ததும் அனு உதட்டை நக்கிக்கொண்டு, "உப்பா இருக்குப்பா" என்றாள்.

மத்தியானம் இழுப்பு மறுபடி வந்தது. காலையில் அவள் உப்பு என்றது நினைவுக்கு வர, சுப்புராமன் ஹாலுக்கு ஓடினான். முள் குறியைத் தாண்டி ரொம்ப தூரம் போயிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையம், யாரோ ஈரக் கையால் திருகுவதுபோல மெல்ல, மிக மெல்லத் திரும்பி, குறியை முள்ளிடம் கொண்டுவந்து நிறுத்தியது, உருளையில் காற்று மறுபடி நிரம்பிவிட்டதுபோல. உள்ளறையில் அனு இருமினாள். அந்த இருமலுக்கும் இந்த வளையத்துக்கும் சம்பந்தம் உண்டென்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும், கையை நீட்டி அதைத் தொட மனம் வரவில்லை. உப்புப் பொருக்கு உதிர்ந்துவிடுமே என்றுதான் முதலில் நினைத்தான். நினைத்ததற்குக் கூசிப்போனான்.

குழந்தை கொஞ்சம் தூங்கியதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனான். புயல் எச்சரிக்கையால் படகுகளையெல்லாம் மேட்டுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். பார்த்திபன் ஒரு படகின் மறைவில் தார்ப்பாய்க்கடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். இவன் முகத்தைப் பார்த்ததுமே பீடியைக் கீழே போட்டார்.

"இன்னா சார், அந்த வாட்ச்சா?"

"அது வலையில வரும்போது எப்படி இருந்துச்சு? மறைக்காம சொல்லுங்க."

"பட்டையோட வந்துச்சு சார். பட்டைக்குள்ள கை எலும்பு இருந்துச்சு. அத அப்டியே கயட்டி, சூடம் கொளுத்தி, கடல்லயே வுட்டுட்டோம்."

"அப்போ வாட்ச்சை மட்டும் ஏன் கொண்டுவந்தீங்க?"

பார்த்திபனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நா இன்னா ஆசப்பட்டா கொண்டாந்தேன்? எங்க போட்டுல ஒரு பயக்கம் கீது சார். முங்கிப் போனவன் சாமான் வலைல வந்தா, கரை தட்றதுக்கு முன்னாடி ஒடச்சிடுவோம். செருப்புன்னா வார அறுத்துடுவோம். கண்ணாடின்னா நசுக்கிடுவோம். அப்பத்தான் சாமான் செத்துச்சுன்னு அவனுக்குத் தெரியும், பின்னாடியே வரமாட்டான். கல்லக்கூட எட்த்துட்டேன். வாட்ச் ஒண்ணு வந்துகீதுன்னு ஒரு வார்த்த சொன்னதுக்கு நீங்கதான் போன்ல கத்துனீங்கோ. ஒரு கீறல் வுயக்கூடாது, தொடைக்கக்கூட கூடாது, அப்டியே கொண்டாங்கன்னு."

கத்தியது உண்மைதான். கொண்டுவந்து கொடுத்த பிறகு, ஒரு கீறல்கூட இல்லை என்று நண்பர்களுக்கெல்லாம் படம் அனுப்பிப் பெருமைப்பட்டதும் உண்மை.

"இப்ப என்ன பண்றது?"

"வூட்ல கொயந்தைங்க கீறாங்களா?" என்று கேட்டார் பார்த்திபன். இவன் தலையாட்டினான். "ஒடச்சிடு சார். போன ஒடனே ஒடச்சிடு" என்றார். மரியாதை எல்லாம் அவர் வாயிலிருந்து போய்விட்டிருந்தது.

திரும்பி வரும்போது மழை கண்ணைத் திறக்க விடாமல் அடித்தது. தெருமுனையில் ஒரு சவுக்கு மரம் குறுக்கே சாய்ந்து கிடந்தது. ஸ்கூட்டரை அங்கேயே போட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் வீட்டுக்கு ஓடினான். கரண்ட் மறுபடி போயிருந்தது. கரண்ட் இல்லாமல் நெபுலைசர் ஏது.

ஸ்ரீதேவி குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். மரம் விழுந்திருக்காம், சுத்தி வர்றாங்களாம். பம்ப் மருந்து கேக்கவே இல்லைங்க" என்றாள். அழவில்லை. அழக்கூட நேரமில்லாதவள் மாதிரி இருந்தாள்.

கீச்... கீச்... அனுவின் நெஞ்சுக்குள் அந்தச் சத்தம். சின்னக் கதவொன்று துருப்பிடித்த கீலில் ஆடுகிற சத்தம். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது, ஆயிரம் குழந்தைகளின் நடுவிலும் அவனால் அடையாளம் சொல்ல முடியும்.

"அப்பா."

"பேசாதம்மா. மூச்ச விடு."

"அந்த அங்கிள் கேக்கறாருப்பா."

"எந்த அங்கிள்?"

"கீழ இருக்காரே. அவருக்கு மூச்சு தீந்துடுச்சாம்." உதடு நீலம் பாரித்திருந்தது. "குடுத்துடவா?"

"குடுக்காத!" என்று அலறினான் சுப்புராமன். தன் குரல் தனக்கே பயமாக இருந்தது. "அந்தக் கடிகாரத்தை உடைச்சாத்தான் இது நிக்கும்" என்று ஸ்ரீதேவியிடம் கத்திவிட்டு, கருவிப் பெட்டியைக் கவிழ்த்துச் சுத்தியலைப் பொறுக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினான்.

ஹால் முழுக்கப் பச்சை. சுவர் பச்சை, அவன் கை பச்சை. தரை ஈரமாக இருந்தது. வாசலிலிருந்து வந்த ஈரம் இல்லை, அலமாரியிலிருந்து சொட்டிய ஈரம். அதே ஆழத்துச் சேற்று வாடை. கடிகாரத்தை எடுத்தான். ஐஸ் மாதிரி குளிர்ந்தது. வளையம் திரும்பிக்கொண்டிருந்தது. கட்டை விரலால் அழுத்திப் பிடித்தான், எதிர்ப்பக்கம் திருகினான். உப்பு நொறுங்கியது. ஒரு நூலளவு திரும்பியது. அடுத்த கணம் மறுபக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு விரல், அவனுடையதைவிடப் பலமான விரல், நிதானமாகத் திருப்பி வைத்தது. அவன் நகம் பிய்ந்தது. விட்டுவிட்டான்.

மேஜையில் வைத்தான். சுத்தியலை ஓங்கினான்.

ஒரு நொடி. ஒரே ஒரு நொடி. அந்தக் கண்ணாடி. அந்தக் காலத்துக் கண்ணாடி. இனி கிடைக்காத கண்ணாடி. கை தானாகவே நின்றது. எத்தனையோ வருஷமாகப் பழகிய கை.

உள்ளறையில் கீச் சத்தம் நின்றது.

இழுப்பு அடங்கிவிட்டது என்று அந்தப் பாவி மனம் சந்தோஷப்பட்டது.

"ஏங்க..." ஸ்ரீதேவியின் குரல். "அனு மூச்சு விடலைங்க. ஏங்க!"

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டாள். அனுவின் தலை தொங்கியது. நெஞ்சு அசையவில்லை. "உடைங்க! அந்த எழவை உடைங்க! என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

சுத்தியல் தலைக்கு மேல் இருந்தது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

கண்ணாடியின் உள்பக்கம் பனித்தது. சின்ன வட்டமாக, ஒரு குழந்தையின் வாயளவு. தெளிந்தது. மறுபடி பனித்தது.

கீச்.

உள்ளேயிருந்து வந்தது. அவன் மகளின் மூச்சு.

"உடைங்க!"

உடைத்தால் அது எங்கே போகும்?

வளையம் மெல்லத் திரும்பத் தொடங்கியது. பனித்தது. தெளிந்தது. கீச். ஸ்ரீதேவி கத்திக்கொண்டேயிருந்தாள். அவன் சுத்தியலை இறக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அடுத்த பனிப்பு வர முன்னைவிடக் கொஞ்சம் நேரமாயிற்று.