கிங்ஸ் சர்க்கிளில் ஒரு காமா கதிர்

மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தால் கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டலில் இடமே இல்லை. பம்பாயில் முன்பின் தெரியாதவர் மேசையில் உட்கார யார் அனுமதி கேட்கிறார்கள்? ருக்குவும் கேட்கவில்லை. எதிரே இருந்தவனோ நிமிரக்கூட இல்லை... விரலைத் தண்ணீரில் தொட்டு மேசைப் பளிங்கில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

ஒரு பக்கமிருந்து பாய்ந்து வரும் எலெக்ட்ரான். எதிர்ப்பக்கமிருந்து லேசர் ஒளி.

"மோதித் திரும்புனா வெறும் எக்ஸ்ரேதான் வரும். காமா கதிராம்... வெளிநாட்டுக்காரன் கட்டுரையில நல்லா கதை விடுதான்" என்று முணுமுணுத்தான்.

"காமாவேதான் வரும்" என்றாள் ருக்கு. "எலெக்ட்ரான் எதிர்த்து ஓடி வர்றதால ஒளிக்குச் சக்தி ஒரு தடவை ஏறும். பட்டுத் திரும்பறச்சே இன்னொரு தடவை ஏறும். நீங்க ஒண்ணைத்தான் கணக்குல எடுத்துண்டிருக்கேள்."

அவன் நிமிர்ந்தான். அடேயப்பா, என்ன கண்கள்... கோபத்தில்கூட மழையில் கழுவிவிட்ட மாதிரி பளபளவென்று.

"ஒங்கள யாரு கேட்டா?" என்று எழுந்து போய்விட்டான்.

மத்தியானம் டிராம்பே அணு ஆராய்ச்சிக்கூடம். அன்றுதான் வேலையில் சேர்ந்த ருக்கு கடைசி வரிசையில் இருந்தாள். மேடையேறியவன்... காலையில் ஹோட்டலில் பார்த்த அவனேதான். பெயர் நம்பிராஜன், மாட்டுங்கா லேபர் கேம்ப் என்னும் தொழிலாளர் குடிசைப் பகுதியிலிருந்து படித்து வந்தவன், இந்தப் பேச்சை வைத்துத்தான் அவன் வேலை நிரந்தரமாகும் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். ருக்கு சொன்னபடியே சக்தியை இரண்டு தடவையும் ஏற்றித்தான் காட்டினான். "இது எப்படித் தோன்றியது?" என்று துறைத் தலைவர் பாராட்டிக் கேட்டபோது மென்று விழுங்கி, "யோசிச்சேன் சார்" என்றான்.

யோசித்தானாமே! ருக்குவுக்குச் சுருக்கென்றது.

சாயங்காலம் அவள் குடையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, கடைசி வரிசையில் அவளைப் பார்த்துவிட்டிருந்த நம்பிராஜன் நனைந்தபடி ஓடிவந்தான்.

"ஒங்க பேர சொல்லியிருக்கணும். சொல்லல. லேபர் கேம்ப்காரன்னு எளக்காரமா நெனைப்பாகளோன்னு பயம்..."

"தெரியாத பேரை எப்படிச் சொல்லுவேள்?" சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ருக்மிணி. ஆத்துல ருக்கு."

"இப்பத்தான் தலைவர்கிட்ட சொல்லிட்டு வாரேன். திருத்துனது நான் இல்ல, ஹோட்டல்ல ஒரு பொண்ணுன்னு."

ருக்கு திடுக்கிட்டாள். "ஐயோ... உங்க வேலை?"

"மூஞ்சி கறுத்துப் போச்சு அவருக்கு. நாளைக்கிப் பாப்போம்னாரு. வேலை போனா போவட்டும்..." முகத்தில் வழிந்த மழைநீரை வழித்துவிட்டுக்கொண்டான். "காலையிலேருந்து ஒங்க முகந்தான் கண்ணுக்குள்ள நிக்கி. எனக்கு ஒங்கள பிடிச்சிருக்கு. நீங்க போயிராதிய."

மாட்டுங்கா பஸ் வந்து நின்றது. "சலோ, சலோ" என்று கண்டக்டர் ஏறச்சொல்லி அதட்டினார். ருக்கு குடையை அவன் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றாள். பஸ் போய்விட்டது.