கடைசித் தொடுகை

ஓட்டப்பிடாரம் மேட்டு அடுக்ககங்களில் எரிவளிக் குழாய்ச் சோதனை வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். அன்று காலை செண்பகவல்லி ஏழாம் அடுக்ககத்து மாடிப்படியில் நின்று, வழக்கம்போலத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் படம் எடுத்துக் கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்பினாள். பிறகு, குழாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வரைந்திருந்த மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நின்றபடி, நீண்ட மூக்குத் தெளிப்பானால் ஒவ்வொரு இணைப்பின்மேலும் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினாள். குமிழி வந்தால் கசிவு. வராவிட்டால் அடுத்த மாடி.

பதினாறு வருடமாக இதுதான் வேலை. பதவியின் பெயர் பராமரிப்பாளர். இந்தப் பதினாறு வருடத்தில் அவள் ஒரு குழாயைக்கூடத் தொட்டதில்லை.

ஆறாவது மாடியில் ராயப்பன் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். கடல் பழைய ஊருக்குள் வந்தபோது உப்பளத்தை விட்டு மேட்டுக்கு ஏறியவர்களில் ஒருவர். உள்ளே அவர் மனைவி புஷ்பம் மூச்சுக்கட்டிலில் படுத்திருந்தாள். அந்தக் கட்டில்தான் மூன்று வருடமாக அவளுக்காக மூச்சு விடுகிறது.

"காபி போட்டிருக்கேன் தங்கச்சி. ஒரு வாய் குடிச்சிட்டுப் போ."

"அழுத்தம் ஏத்தப் போறாவ அண்ணாச்சி. முடிச்சிட்டு வாரேன்."

சோதனையின்போது குழாய்க்குள் வழக்கத்தைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏறும். மையத்துப் பொறி தானாகவே அதைச் செய்யும். செண்பகவல்லி மூன்றாம் மாடிக்கு இறங்கும்போது பொறி வேலையைத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அவள் தலைக்கருகே இருந்த இணைப்பில் ஒரு வெடிப்புச் சத்தம். குமிழி வரவில்லை, குமிழி நிற்கமுடியாத வேகத்தில் வளி சீறியது. அழுகிய வெங்காய நாற்றம் படிக்கட்டு முழுக்க ஏறியது. மின்தூக்கி நின்றது. கதவுகள் திறந்தன, ஆட்கள் இறங்கினார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் குழாய்ப் பக்கம் திரும்பவும் இல்லை. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டாமல், வரிசையாக இறங்கினார்கள்.

செண்பகவல்லி செவிப்பேசியில் மையத்து மேற்பார்வையாளர் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டாள். "சார், ஏழாம் அடுக்ககம். மூணாவது மாடி இணைப்பு பிளந்திருச்சு. அங்கேருந்து மூடுங்க."

"நான் எப்படிம்மா மூட? பொத்தானை அமுக்குனா என் பேருல்லா ஏறும்."

"அப்ப யாருதான் மூடணும்?"

"நீ கீழே இறங்கி வெளியே போயிரு. அதுதான் விதி. கை மட்டும் வச்சிராதே."

முப்பது வருடங்களுக்கு முன்பு நிலைமை வேறு. குழாய் கசிந்தால் பழுதுச் செலவு யாருடையது என்று சண்டை நடக்கும். வீட்டு அளவுமானிக்கு உள்ளே என்றால் வீட்டுக்காரர், வெளியே என்றால் நிறுவனம் என்பார்கள். பராமரிப்பின்போது கசிந்தால் ஒப்பந்தக்காரர் என்பார்கள். அவர் குழாயே பழசு என்பார். வழக்கு எட்டு வருடம் ஓடும், கசிவும் எட்டு வருடம் ஓடும். அந்தச் சண்டைகளை முடிக்கத்தான் குழாய்களுக்கெல்லாம் உணர்தோல் போர்த்தினார்கள். தொட்டவர் யார், எப்போது என்று அந்தத் தோல் குறித்துக்கொள்ளும். கசிந்தால், கடைசியாகத் தொட்டவர் பொறுப்பு. அதற்குமேல் பேச்சில்லை. விதி வந்த மறு வருடமே, கசிவு கண்டால் தானே மூடிக்கொள்ளும் அடைப்பான்களை நிறுவனம் கழற்றிவிட்டது. மூடுவதும் தொடுகைதானே. அழுத்தச் சோதனையை மட்டும் சட்டமே செய்யச் சொல்வதால், அது யாருடைய தொடுகையும் ஆகாது.

தரைத்தளத்துக்கு வந்தபோது ராயப்பன் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தங்கச்சி, புஷ்பம் மேலே கெடக்கா. மின்தூக்கி வேற நின்னு போச்சு. கட்டிலோட அவளை எறக்க நாலு ஆளு வேணும். கேட்டேன், ஒருத்தரும் நிக்கல."

"கட்டிலை நிப்பாட்டிட்டு அவங்களை மட்டும் தூக்க முடியாதா?"

"ரெண்டு நிமிஷம் தாங்க மாட்டா. அந்தக் கட்டில் மோட்டார்ல ஒரு தீப்பொறி பறந்தா போதும், அவளோட சேர்ந்து மொத்த அடுக்ககமும் போயிரும்." அவர் கைகூப்பினார். "மூடிரு தாயி. உன் காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

பிரதான அடைப்பான் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. முப்பத்தொரு வருடமாக யாரும் திருப்பாத பிடி. செண்பகவல்லிக்கு மகளின் முகம் நினைவுக்கு வந்தது. பிறகு அந்தக் கட்டில் காற்றை இழுத்து இழுத்து விடும் ஓசை. அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். பிடி அசையவில்லை. உடம்பின் முழு எடையையும் கொடுத்துத் தொங்கினாள். மூன்றாம் முறை அது கிரீச்சென்று திரும்பியது. மேலே சீறல் தணிந்து நின்றது. உணர்தோலில் ஒரு பச்சை ஒளி ஓடி, அவள் பெயரை எழுதிக்கொண்டது.

வெளியே நின்ற கூட்டம் அவளைப் பார்த்ததும் வழிவிட்டது.

பதினைந்தாம் நாள் விசாரணை. அறையில் நீதிபதி என்று யாரும் இல்லை. பொறுப்பறிவி என்ற பொறியின் குரல் மட்டும். அது மரியாதையாகத்தான் பேசியது. அந்தக் குழாய்த்தொடரைக் கடைசியாகத் தொட்டிருந்தது, தானே மூடும் அடைப்பான்களைக் கழற்றிய பழைய நிறுவனம். அந்த நிறுவனம் கலைந்துவிட்டது. ஆகவே சம்பவ நாள் காலைவரை அது யாருமற்ற கசிவு. வெடித்திருந்தாலும் செலவைப் பொதுநிதி ஏற்றிருக்கும். பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்குச் செண்பகவல்லி தொட்டதால், இப்போது எட்டு மாடிக் குழாய்களையும் மாற்றும் செலவு அவளுடையது.

"நான் மூடத்தானே தொட்டேன்?"

"நோக்கம் பதிவாவதில்லை," என்றது குரல். "குடியிருப்பவர் கேட்டுக்கொண்டதால் தொட்டிருந்தால், பொறுப்பில் பாதி அவருக்குப் போகும். அப்படி யாரும் கேட்டார்களா?"

சாட்சி வரிசையில் ராயப்பன் உட்கார்ந்திருந்தார். படிக்கட்டில் குரல் பதிவு கிடையாது. அவர் சொன்னால்தான் உண்டு. அவர் எழுந்து நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"இல்ல," என்றார். "நான் ஒண்ணும் கேக்கல."

தீர்ப்பு வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. செலவைக் கழிக்கப் பதினொரு வருடம் கடலடிக் குழாய்களில் கட்டாயப் பணி. செண்பகவல்லியின் கணவன் சுடலைமுத்து முந்தின வாரமே மணப்பிரிவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தான். அவள்தான் போடச் சொன்னாள். இல்லாவிட்டால் பொறுப்பு மகள்வரைக்கும் இறங்கும். பேனாவை வாங்க மறுத்து அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். மூன்றாம் நாள் போட்டான்.

வெளித் தாழ்வாரத்தில் ராயப்பன் சுவரோடு சாய்ந்து நின்றார். இரண்டு காவலர்களுக்கு நடுவே அவள் வருவதைக் கண்டதும் அருகே வந்தார்.

"பாதி ஏறியிருந்தா வீட்டை எடுத்திருப்பாவ தங்கச்சி," என்றார். "கட்டிலையும் சேர்த்து."

அவளுக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. தேடிப் பார்த்தாள், இல்லை. அந்த இடத்தில் தானிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்போம் என்று தெரிந்தது.

"மதினி எப்படி இருக்காவ?"

"இருக்கா."

காவலர் நடக்கச் சொன்னார். செண்பகவல்லி இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"தரைத்தளத்துல வீடு ஏதும் கிடைக்குமான்னு பாருங்க அண்ணாச்சி," என்றாள். "இனிமே யாரும் மூட வரமாட்டாவ."