மீதி ஒன்று

எட்டு பிஸ்கட்டை மகள்களுக்கு இரண்டு தட்டில் நாலு நாலாக வைத்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினாள் கணக்கு டீச்சர். பின்னால், "அம்மா, எனக்கு?" என்று ஒரு குரல் கேட்டது. எவளோ ஒரு அவசரக்குடுக்கை அதற்குள் தன் பங்கை முழுங்கிவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கேள்வித்தாளில் கடைசிக் கணக்குதான் பாக்கி. அதற்கென்றே ஓர் எண்ணைப் பிடித்து வைத்திருந்தாள்: 23,27,92,561. இரண்டிலிருந்து இருபது வரை எதனால் வகுத்தாலும் ஒன்று மீதி நிற்கும். அந்த ஒன்றைக் கழித்துவிட்டால் அத்தனையாலும் மிச்சமில்லாமல் வகுபடும். வகுப்பே தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும் என்ற குஷியில் பென்சிலால் எழுதினாள்.

வெளியே சாயங்கால மழை தகரக் கூரையில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது, காயாத துணியின் வாடை வீடெல்லாம் பரவியிருந்தது, கூடத்தில் மகள்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாமென்றாலும் எண்ணிப் பழகிய அவள் காது அந்தச் சிரிப்பையும் எண்ணியது. ஒன்று. இரண்டு. சற்றுப் பிந்தி, மூன்று.

எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள்.

மூன்றும் அவள் பிள்ளைகள்தான். மூன்று தலையையும் காலையில் அவளேதான் பின்னிவிட்டிருந்தாள். ஆனால் பெற்றது இரண்டு. பெரியவள் அடைமழையில் பிறந்தாள். மறுவருஷமே சின்னவள், கரண்ட் போய் நர்ஸ் டார்ச் பிடித்தபோது. பீரோவைத் திறந்தாள். ஆஸ்பத்திரி அட்டை இரண்டுதான் இருந்தது. இரட்டைப் பிள்ளைகளா என்று ஊரே கேட்கும். அவளுக்கு மட்டும் ஒருநாளும் குழம்பியதில்லை. இன்றைக்குக் குழம்பியது. ரயில் ஓட்டப் போன கணவனின் போன் அணைந்திருந்தது.

இதில் யார் அதிகம்? பாசம் மூன்று பேர் மேலும் ஒரே அளவுக்குப் பொங்கியது.

சிரிப்பு நின்றது. மூன்று முகமும் திரும்பியது. ஒரே நேரத்தில்.

அறைக்கு ஓடினாள். மீதியைக் கழித்தால் சரியாகிவிடும். கணக்கு டீச்சர் புத்தி வேறெங்கே போகும்? ரப்பரை எடுத்தாள். கடைசி ஒன்றை அழித்தாள். பூஜ்யம் போட்டாள்.

கூடத்தில் இரண்டு பேர். இரண்டு தட்டு. அப்பாடா என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னவளே, இங்க வாம்மா."

யாரும் அசையவில்லை.

"பெரியவளே..."

"என்னம்மா?" என்றார்கள் இருவரும்.

எதைக் கழிக்க வேண்டும் என்று அவள் சொல்லவே இல்லை. எண்ணும் கேட்கவில்லை. திரும்ப ஓடினாள். பூஜ்யத்தை அழித்தாள், தாள் கிழியக் கிழிய ஒன்றை எழுதினாள். எழுதும்போதே அழுதாள்.

"அம்மா, எனக்கு?"

அவள் குரல்தான். சின்னவள் குரல்தான். பீரோவிலிருந்த ஆஸ்பத்திரி அட்டைகளை எடுத்து மார்போடு அணைத்தபடி கூடத்துக்கு வந்தாள். மூன்று பேர். மூவரும் அவளையே பார்த்தார்கள்.

"சின்னவளே?"

மழைச் சத்தம் மட்டும்.

"பெரியவளே..."

"என்னம்மா?" என்றார்கள் மூவரும்.