பலகைக்கு அடியில்

சோற்றுப் பானையின் மூடி வைத்தது வைத்தபடியே இருந்தது. உள்ளே சோறு மட்டும் பாதியாகியிருந்தது.

பஞ்சாலை குனிந்த தலை நிமிராமல் நின்றாள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் அவளே வடித்து வைத்த சோறு. எலி தின்றிருந்தால் சிந்தியிருக்கும், பூனை என்றால் பானையை உருட்டியிருக்கும். இதை யாரோ கையால் அள்ளிவிட்டு, பள்ளம் தெரியாதபடி மேலே தட்டிச் சமமாக்கியிருந்தார்கள். சோற்றின்மேல் நான்கு விரல்களின் தடம். தன் விரல்களை அதில் வைத்துப் பார்த்தாள். தடம் பெரியது.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் தொடங்கி மூன்றாவது வருஷம் அது. தம்பின் பட்டணத்தை ஒட்டிய அந்த ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டுகிறவர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். சாயங்காலம் மணி அடித்தால் ஊரடங்கு. அதன்பிறகு வாசலில் ஆள் அசைந்தால் காவல் மேடையிலிருந்து சுடலாம் என்று உத்தரவு. அரிசியும் அளந்துதான் கிடைத்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு மணி போய்விடக் கூடாதாம். சோறு காணவில்லை என்று சொன்னால், காட்டுக்காரனுக்குக் கொடுத்தாயா என்று முதலில் அவளைத்தான் லாரியில் ஏற்றுவார்கள். பேசாமல் பானையை மூடினாள்.

பயம் அவளுக்குப் பழகியதுதான். அவள் புருஷன் சன்னாசி அதை வருஷக்கணக்காகப் பழக்கியிருந்தான். குழம்பில் உப்புக் குறைந்தால் அடி, அடிக்கு அழுதால் அடி, அழாமல் நின்றால் திமிர் என்று இன்னும் அடி. அடுத்த வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கத்துத் தாயம்மாவுக்கு எல்லாம் கேட்கும். மறுநாள் காலையில் மஞ்சளை அரைத்து எடுத்துக்கொண்டு வருவாள். இரவில் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

போன மாதம் ஒரு சம்பள நாளில் தம்பினுக்குக் கள் குடிக்கப் போன சன்னாசி திரும்பி வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து எல்லைக்காட்டுப் பக்கம் ஒரு பிணம் கிடந்தது. கங்காணி முருகையா பஞ்சாலையைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். முகம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

"பாத்துச் சொல்லு புள்ள. சன்னாசிதானே?"

அவள் கைகளைப் பார்த்தாள். சன்னாசியின் கைகள் எப்படியிருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கட்டைவிரல் அகலம், முட்டிகளின் மேடு, கன்னத்தில் அறைந்தால் எந்த விரல் கண்ணில் படும் என்பதுவரை தெரியும். கித்தான் துணிக்கு வெளியே கிடந்தவை வேறு யாரோ ஒருவனின் மெலிந்த கைகள்.

"அவருதாங்கய்யா" என்றாள்.

புதைத்தார்கள். தாலியை வாங்கினார்கள். அன்று ராத்திரி, கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக, பஞ்சாலை காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள்.

இப்போது மணி அடித்தது. லயம் முழுவதும் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படும் சத்தமும், பிள்ளைகளை உள்ளே இழுக்கும் தாய்மார்களின் அதட்டலும், எங்கோ ஒரு வாளி உருண்டு நின்ற ஓசையும் அடங்கிய பிறகு, பால்மரங்களுக்குள்ளிருந்து பூச்சிகளின் இரைச்சல் மெல்ல எழுந்து வீட்டைச் சூழ்ந்துகொண்டது. பஞ்சாலை வாசல் கதவுக்குக் கட்டை போட்டாள். பின்னால் இறங்கி, அடுப்படிக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். விளக்கைத் தணித்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள்.

லயம் கட்டைத் தூண்களின்மேல் நின்றது. தரைப்பலகைக்குக் கீழே குனிந்து போகுமளவு இருட்டு இடம்; விறகு அடுக்கிவைக்கிற இடம். பலகை இடுக்குகள் வழியாக எப்போதும் ஈரமண் வாசனைதான் ஏறிவரும். இன்று அதில் வேறொன்றும் கலந்திருந்தது. வியர்வை. நாள்பட்ட வியர்வை.

டொக்.

பலகைக்கு அடியிலிருந்து. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே.

விறகு சரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து சுவரோரம் நகர்ந்தாள்.

டொக். இப்போது சுவரோரம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, பலகை முனகாதபடி பாதத்தின் ஓரத்தால் நடந்து, மூலைக்குப் போனாள். கீழே ஏதோ தரையில் தேய்ந்து தேய்ந்து அவள்கூடவே வந்தது. நின்றாள். அதுவும் நின்றது.

டொக். டொக்.

காட்டுக்காரனாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். துப்பாக்கியோடு வந்த யாரோ ஒரு காட்டுக்காரனாகவே இருக்கட்டும், மாரியாத்தா.

"பஞ்சால."

பலகை இடுக்கு வழியாக வந்த அந்தக் குரலில் கோபம் இல்லை. அவள் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

தேய்கிற சத்தம் பின்பக்கம் போனது. அடுப்படிக் கதவு லேசாக அசைந்தது. இடுக்கில் கத்தி நுழைத்து, வெளியிலிருந்தே அந்தத் தாழ்ப்பாளைத் தூக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். தாழ்ப்பாள் விழுந்தது. படி ஏறும் காலடி.

சன்னாசி. தாடி, சேறு, குழிவிழுந்த கண்கள். கள் வாசனை இல்லை. அவள் எதிரே மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"வேலிக்கடியில வாய்க்கா இருக்குல்ல, அதுல பூந்து வந்தேன். தம்பின் கடையில என் காதாலயே கேட்டேன் புள்ள. சன்னாசி செத்துட்டான், பொண்டாட்டியே வந்து பாத்துச் சொல்லிட்டான்னு."

"ஏங்க... மூஞ்சி தெரியலைங்க... எனக்குத் தெரியாம..."

"மொதல்ல கோவந்தான் வந்துச்சு." அவன் சிரித்தான். "அப்புறம் கீழ படுத்துக்கிட்டு யோசிச்சேன். நல்ல காரியந்தான் பண்ணியிருக்க. நாளைக்கு உனக்கு ஒன்னு ஆயிருச்சுன்னா யாரைத் தேடுவானுங்க? செத்தவனையா?"

வாசலுக்கு ஓடலாம். கதவைத் திறந்தால் காவல் மேடை. அவள் பலகைச் சுவருக்குத்தான் ஓடினாள். இரண்டு கைகளாலும் அறைந்தாள்.

"தாயம்மாக்கா! அக்கா! அவரு வந்துட்டாருக்கா! என்னைக் கொல்லப் போறாரு!"

அந்தப் பக்கம் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். சன்னாசி நகரவேயில்லை. நிதானமாக, அந்த வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னான்.

"ஆமா தாயம்மா. நான்தான். சன்னாசி வந்திருக்கேன்."

பிறகு தாயம்மாவின் புருஷன் அமிர்தலிங்கத்தின் குரல், நடுங்கி நடுங்கி.

"பதில் சொல்லாத. வாயத் தொறக்காத, தாயம்மா. பதில் குடுத்தா பேய் உள்ள வந்துரும்."

"அண்ணே! அவரு சாகலண்ணே! உசுரோட இருக்காரு! நான் பொய் சொல்லிட்டேண்ணே, அது அவரு பொணமில்ல!"

"கேட்டியா?" என்றது அமிர்தலிங்கத்தின் குரல். "பஞ்சால கொரல்லயே கூப்புடுது பாரு. கதவத் தொறக்காத. திருநீறு எடு."

பஞ்சாலை பலகையில் இருந்த இடுக்கில் முகத்தை அழுத்தினாள். அந்தப் பக்கம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாயம்மாவின் கண் ஒன்று, மிக அருகில், ஈரமாக, அவளையே பார்த்தது. இமைக்கவில்லை. அவளுடைய மூச்சுகூட இவள் கன்னத்தில் பட்டது.

"அக்கா. நாந்தாங்க்கா. பாருங்க. நாந்தான்."

அந்தக் கண் ஒரு கணம் தயங்கியது. விலகியது.

பின்னால் பலகை முனகியது. ஒரு அடி.

"அக்கா."

இன்னொரு அடி.

இடுக்கில் இப்போது விரல்கள் தெரிந்தன. திருநீறு அப்பிய விரல்கள். பழைய சேலைக் கிழிசலை மடித்து மடித்து இடுக்குக்குள் திணித்துக்கொண்டிருந்தன, ஒழுங்காக, மேலிருந்து கீழாக. வெளிச்சம் நூலாயிற்று. பொட்டாயிற்று. அணைந்தது.

இருட்டில், அவள் தலைமுடியை ஒரு பெரிய கை மெதுவாக ஒதுக்கிவிட்டது.