ஓட்டை போடாத டயர்

மழை விட்டு வாரக்கணக்கில் வெயில் காய்ந்தும் மகளின் ஊஞ்சலுக்குள் தண்ணீர் வற்றவே இல்லை. கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தவளுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. முன்பக்கம் கணவனின் பஞ்சர் கடை, பின்பக்கம் வீடு, கொல்லை மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பழைய கார் டயர்தான் ஊஞ்சல். சிட்டு ஆடும்போதெல்லாம் அதற்குள் ஏதோ களக், களக் என்று புரண்டது. சூடேறிய ரப்பரும் அழுகிய இலையும் கலந்த வாடை சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்து குந்திக்கொண்டது. கருமம், இதை மோந்துகொண்டு மனுஷி எப்படிச் சாப்பிடுவது?

"என்னங்க, அடியில ஒரு ஓட்டையப் போட்டு விடுங்களேன். தண்ணி வடிஞ்சிடும்ல?"

"ஓட்டைய அடைச்சுப் பொழைக்கிறவன்டி நான். என்னையே ஓட்டை போடச் சொல்றியா? நல்லாக் கேட்ட போ!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.

அன்று மதியம் அவனுடைய தம்பி லாரியோடு வந்தான். துறைமுகத்தில் பழைய டயர் ஏற்றி, வழிநெடுகப் பஞ்சர் கடைகளில் இறக்கிக்கொண்டே வருவது அவன் பிழைப்பு. முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, முதல்ல துறைமுகத்துலதான் காய்ச்சல்னாங்க. அப்புறம் செக்போஸ்ட். அப்புறம் பாலத்தடி. இப்போ நாலுரோடு. கொசு பறந்தா ரெண்டு தெரு தாண்டாதாம், டாக்டர் சொல்றாரு. அப்புறம் எப்படி அண்ணி நான் வண்டிய நிறுத்துற இடத்துக்கெல்லாம் வருது?"

"நாலுரோட்டுக்கு அடுத்து நாமதானே?"

அவன் டீயைத் தொடாமல் ஊஞ்சலையே பார்த்தான். "நாலுரோட்டுக் கடைக்காரர் பொண்ணு காய்ச்சல்ல செத்துப் போயிடுச்சு அண்ணி. அங்கயும் இதே மாதிரி ஒண்ணு கட்டி விட்டிருந்தாரு."

அவள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சிட்டு உள்ளே படுத்திருந்தாள், காலையிலிருந்தே சாப்பாடு வேண்டாம் என்று. லாரி கிளம்பிய சத்தம் அடங்குவதற்குள் அவள் கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடிக் கயிற்றை அறுத்தாள்.

டயர் விழுந்து கவிழ்ந்தது. தண்ணீர் இல்லை அது. கொழகொழவென்று ஒரு கறுப்பு. அத்தனையும் புழு. நெளிந்து நெளிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அவள் கால்விரல் இடுக்கில் வழிந்தது. சீ! காலை உதறினாள். ஒட்டிக்கொண்டு வந்தது. டயரின் உட்புறம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கறுப்பு முட்டைகள். விரலால் வழித்துப் பார்த்தாள். வரவில்லை. நகத்தால் சுரண்டினாள். நகக்கண்ணில் ஏறியது. குமட்டிக்கொண்டு வந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

போகட்டும். தொலைந்தது. இனி என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

கைகாலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அறை இருட்டாக இருந்தது. சிட்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தொட்டால் உடம்பு அனலாகக் கொதித்தது.

"கண்ணு, டாக்டர்கிட்டப் போலாம். எந்திரிம்மா."

"ஏம்மா எல்லாத்தையும் கீழ ஊத்திட்ட?"

"எதைடா செல்லம்?"

"எனக்குத் தாகமா இருக்குமே."

"சிட்டு. அந்தத் தண்ணியையா குடிச்ச?"

மகள் திரும்பினாள். சிரித்தாள். வாயைத் திறந்தாள்.

ஈறு முழுக்கப் பொடிப்பொடியாகக் கறுப்பு. நாக்கின்மேல் ஒரு கொசு. வெள்ளைப் பட்டை போட்ட கால்கள். ஈரச் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால், தொண்டையிலிருந்து, அடுத்தது ஏறி வந்தது.