‘மாப்ள’ இல்லாத கட்டளை

“இடது பக்கம்.”

“இடது பக்கம்,” என்று திருப்பிச் சொல்லிச் சுக்கானைத் தள்ளிய பிறகுதான் பிராஸுக்கு உறைத்தது. கட்டளையோடு ‘மாப்ள’ வரவில்லை.

கப்பலைத் திருப்புகிறவன் அவன். ஆனால் அவனால் கடலைப் பார்க்க முடியாது. மேல்தளத்துக்கு அடியில், தாரும் ஈர மரமும் எலி மூத்திரமும் நாறும் இருட்டறையில் நின்று, தலைக்கு மேலிருந்த சதுரத் திறப்பின் வழியாக வழிகாட்டி மெந்து சொல்வதை உரக்கத் திருப்பிச் சொல்லி, அப்படியே செய்ய வேண்டும். மெந்து அவன் மனைவி பிரிட்டெஸின் அண்ணன். மன்னரின் கொடியோடு, அட்லாண்டிக்கைக் கடந்து புதுக் கரை தேட லிஸ்பனிலிருந்து கிளம்பிய நாள் முதல், ‘மாப்ள’ போடாமல் அவர் பேசியதில்லை. “அண்ணனும் நீங்களும் முழுசா வந்து சேரணும்,” என்று நிறைமாத வயிற்றோடு துறையில் நின்று அழுதாள் பிரிட்டெஸ்.

திறப்பில் மெந்துவின் தாடி தெரிந்தது. “மாப்ள, யாரைக் கேட்டுத் திருப்புன?”

“நீங்கதான மச்சான் இடதுன்னீங்க?”

“நான் வாயே தொறக்கல. நின்னுக்கிட்டே என் தங்கச்சியோட கனாவுல குடும்பம் நடத்துறியா? இந்தப் பனியில பாறை எங்க இருக்குன்னே தெரியல. நான் சொன்னா மட்டும் திருப்பு.”

சிரித்தபடி போனார். அந்தச் சிரிப்பு அடங்கியதும், பலகைகளுக்கு அப்பால் அலை எதிலோ மோதித் திரும்பும் ஓசை, முதலில் தூரத்தில் யாரோ மூச்சு விடுவது போலவும் பிறகு காதருகே விடுவது போலவும் நெருங்கி வந்தது.

“மாப்ள, பாறை! வலது!”

“மாப்ள, பாறை! இடது!”

இரண்டும் மெந்துவின் குரல்.

“மச்சான்! பிரிட்டெஸை வீட்டுல என்னன்னு கூப்பிடுவீங்க?”

“குருவிடா! வலது!”

குருவி. அதேதான். வலப்பக்கம் தள்ளினான்.

சுக்கான் அசையவில்லை.

எதிரே யாரோ பிடித்திருந்தார்கள். ஈரக் கூந்தலின் வாசம்.

“என்னங்க,” இருட்டில் பிரிட்டெஸ் மெல்லச் சொன்னாள். “அண்ணனுக்குத்தான் குருவி. உங்களுக்கு நான் வேற பேருதானே?”

மேலே மெந்து அலறினார். வலது. வலது.

அவன் கைமேல் ஒரு கை. குளிர். அதில் அவன் போட்ட மோதிரம்.

கீழே, கணுக்கால் நனைக்கும் தண்ணீரில், பிறந்த குழந்தையொன்று சிணுங்கியது.

அவளோடு சேர்ந்து, இடப்பக்கம் தள்ளினான் பிராஸ்.