பெரட்டுக்கு வந்தவள்

மயிலம்மாள் இடுப்பு ஆபரேஷன் முடிந்து, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குத் திரும்பிய நாள் ரப்பர் பால் வெட்டுக்கு நல்ல நாள். இரவெல்லாம் மழை இல்லை, மரம் காய்ந்திருந்தது. விடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஆபீஸ் விளக்கின் கீழே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களை வேலை வாங்கும் மண்டோர் நான், பேர்ப் புத்தகத்தோடு நின்றேன். ஆட்கள் குடியிருந்த லயத்துப் பக்கமிருந்து தடி ஊன்றும் சத்தம் முதலில் வந்தது. அப்புறம்தான் அவள் வந்தாள்.

"என்ன மண்டோரே, என் பேரு இன்னும் புத்தகத்துல இருக்கா?"

"இருக்கு, இருக்கு. நீ நேரா நில்லு மொதல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். போன வருஷம் இதே மயிலம்மாள் பத்து மரம் வெட்டுவதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். நாற்பத்தொரு வயதிலேயே வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. தொண்ணூற்றேழு ஜனவரியில் கோலாலம்பூர் டாக்டர் ஒருவர் தொடை எலும்பின் தலையைச் சீவி, அதற்கு உலோகத் தொப்பி ஒன்று மாட்டி அனுப்பினார். நடக்க நடக்க நல்லது, ஆனால் ஆறு மாசத்துக்குக் குந்தவே கூடாது, எலும்பு முறிந்தால் எல்லாம் வீண் என்று சொல்லிவிட்டார்.

பால் மரம் வெட்டுகிறவளிடம் குந்தாதே என்றால் என்ன செய்வாள்? அவளுக்கு ஒதுக்கிய மர வரிசையில், அவள் நிரையில், பாதி மரம் அடிவெட்டு. முழங்காலுக்குக் கீழே பட்டை சீவ வேண்டும். மானேஜரோ, ஜூலை முடிவதற்குள் முழு நிரையையும் அவளே வெட்டாவிட்டால் இந்தோனேசியாக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நிரை போனால் லயத்து வீடும் போகும். புருஷன் இல்லாதவள், பிள்ளையும் இல்லை, போக்கிடம் கிடையாது.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்த நிரையைக் காப்பாற்றி வைத்தது தாயம்மா, பக்கத்து நிரைக்காரி. சுவா என்ற ஊருக்கு உள்ளே இருந்த எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்திக்கு உடம்பு முடியாமல் போனால், பக்கத்து நிரைக்காரி அவள் பேருக்கும் சேர்த்து "வந்தாச்சு" சொல்லிவிடுவாள். தன் மரத்தோடு அவள் மரத்தையும் ஓடி ஓடி வெட்டிவிடுவாள். மண்டோர் ஒன்றும் தெரியாதவன்போல எழுதிக்கொள்வான். தப்புதான். செய்யாத மண்டோர் கிடையாது.

தாயம்மா இரண்டு மாசம் அப்படி ஓடினாள். "அவ நடந்து வர்ற வரைக்கும் அவ பேருக்கு நான்தான் சொல்லுவேன்" என்பாள். மார்ச் மாதம் ஒரு காலையில் தாயம்மா, மயிலம்மாளின் நிரை நடுவே ஒரு அடிவெட்டு மரத்தடியில் குந்தியபடியே செத்துக் கிடந்தாள். உளி கையிலேயே இருந்தது. மாரடைப்பு என்றார்கள். இரண்டு பேர் வேலையை ஒருத்தி தலையில் ஏற்றிவிட்டு வாய்மூடி இருந்தவன் நான். அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

மயிலம்மாள் திரும்பி வந்த அன்று நான் செய்த தப்பு இதுதான். புத்தகத்தை யார் பார்த்து வாசித்தார்கள்? பதினெட்டு வருஷமாக எல்லாம் மனப்பாடம். வாய் அதுபாட்டுக்கு ஓடியது.

"பஞ்சாலை."

"வந்தாச்சு."

"தாயம்மா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் மயிலம்மாள், யோசிக்காமல், முன்பு தாயம்மா வராத நாட்களில் அவளுக்காகச் சொல்லிய பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டாள்.

"வந்தாச்சு."

 பஞ்சாலை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னாடி இது? செத்தவ பேருக்குப் பதில் சொல்லலாமா?"

நான் அவசரமாக அடுத்த பேருக்குத் தாவினேன். "மயிலம்மா."

மயிலம்மாள் வாயைத் திறக்கவே இல்லை. அவள் கண் என் மேல்தான் இருந்தது.

"வந்தாச்சு."

வரிசைக்குப் பின்னால், விளக்கு வெளிச்சம் எட்டாத இடத்திலிருந்து வந்தது. கொஞ்சம் கரகரத்த குரல், கடைசியில் லேசாக இழுக்கும். இரண்டு மாசம் அதே பேருக்குத் தினமும் நான் கேட்ட குரல்.

"யாருலா அது வெளையாடுறது?" என்று கத்தினேன். யாரும் சிரிக்கவில்லை.

அடிவெட்டு மரங்களை நானே வெட்டித் தருவதாக மயிலம்மாளிடம் சொல்லியிருந்தேன். ஆட்களை அனுப்பிவிட்டு, தலைவிளக்கை மாட்டிக்கொண்டு அவளோடு ரப்பர்க் காட்டுக்குள், தீம்பாருக்குள் இறங்கினேன். வானம் வெளுத்தாலும் ரப்பர் மரத்தடிக்கு வெளிச்சம் சீக்கிரம் இறங்காது. பட்டையில் உறைந்த ஒட்டுப்பால் நாற்றமும் ஈரச் சருகு வாசனையும் மூக்கை அடைத்தன. அவள் நின்றபடி வெட்டக்கூடிய மரங்களை வெட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். நான் முதல் அடிவெட்டு மரத்தில் குனிந்தேன்.

ஏற்கெனவே வெட்டியிருந்தது.

மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மரத்துக்குப் போனேன். அதிலும் சொட்டியது. அதற்கடுத்ததிலும்.

பட்டையைத் தடவிப் பார்த்தேன். வாத்தியாருக்குப் பிள்ளைகளின் கையெழுத்து தெரிவதுபோல மண்டோருக்கு வெட்டு தெரியும். மரத்துக்குக் காயம் படாமல் காகிதக் கனத்துக்குச் சீவுகிற கை எங்கள் தோட்டத்தில் ஒன்றுதான் இருந்தது. அந்தக் கையை நாங்கள் சுடுகாட்டில் எரித்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

சரக்.

பத்து மரம் தள்ளி, இருட்டில், தரையை ஒட்டி உளி ஓடியது.

சரக்.

காற்றில் தைலம் மணத்தது. முழங்கால் வலிக்குத் தாயம்மா தினமும் தேய்க்கிற தைலம்.

"மண்டோரே..." என் முதுகுக்குப் பின்னால் மயிலம்மாள் கிசுகிசுத்தாள். "அக்காவா?"

 அவள் அழ ஆரம்பித்தாள். அது பயத்தில் வந்த அழுகை இல்லை.

"எனக்காகத்தான் செத்துச்சு. இன்னும் குந்திக்கிட்டேதான் கெடக்கு, பாருங்க. செத்தும் அதுக்கு ஓய்வு குடுக்கலியே நானு."

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். தாயம்மா பேரைப் புத்தகத்தில் அடித்தேன். கோயிலில் பூசை வைத்தோம். பெரட்டில் தன் பேருக்கு மயிலம்மாள் எவ்வளவு முந்திப் பதில் சொன்னாலும் அவளுக்கு அரை மூச்சு முன்னால் அந்தக் குரல் வந்துவிடும். நாலு பேர் வேலையை விட்டு நீலாய் பாக்டரிக்குப் போய்விட்டார்கள். மயிலம்மாள் மட்டும் அசையவில்லை.

"நான் குந்தி வெட்டுனாத்தான் அது போவும்" என்றாள். "இந்தக் காலு எனக்கு மட்டும் இல்ல மண்டோரே, அதுக்கும் சேத்துத்தான்."

சாயங்காலம் தவறாமல் நடந்தாள். முதல் மாசம் லயத்திலிருந்து கோயில் வரை, அடுத்த மாசம் பெரிய ரோடு வரை. வீட்டில் கட்டிலில் படுத்துக் காலைத் தூக்கித் தூக்கி இறக்குவாள், பஞ்சாலை உட்கார்ந்து எண்ணுவாள். ஒருநாள் பஞ்சாலை என்னிடம் ஓடி வந்தாள். இருபது எண்ணி நிறுத்திய பிறகு, கட்டிலுக்கடியிலிருந்து வேறொருத்தி இருபத்தொன்று என்றாளாம். அதன்பிறகு பஞ்சாலை அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மயிலம்மாள் தனியாகவே எண்ணினாள். ஜூன் மாதம் தடியைத் தூக்கிப் போட்டாள்.

ஜூலைக் கடைசியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் குந்திப் பார் என்றாராம். மாசம் முடிய ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

அந்தக் கடைசி நாள் காலை, தாயம்மா செத்துக் கிடந்த அந்த மரத்துக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அதுதான் முதல் மரம் என்று முடிவு செய்திருந்தாள். உளிச் சத்தம் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. எட்டாவது மரம். ஐந்தாவது. பக்கத்து மரம். மயிலம்மாள் மரத்தைப் பிடித்துக்கொண்டு விரல்கடை விரல்கடையாக இறங்கினாள். நெற்றியில் வேர்வை ஓடியது. எலும்பு முறிகிற சத்தம் கேட்டுவிடுமோ என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

குந்திவிட்டாள்.

தைல வாசனை மூச்சை அடைத்தது. அவளுக்கு எதிரே சருகு தானாக அமுங்கியது.

"என் மரம்க்கா" என்றாள். குரல் நடுங்கவில்லை. "நகந்துக்க. நான் வெட்டுறேன்."

 பிறகு அமுங்கிய சருகு மெல்ல நிமிர்ந்தது.

மயிலம்மாள் பட்டையைச் சீவினாள். கோணல் வெட்டு, குந்தி வெட்டி ஏழு மாசம் பழக்கம் விட்ட கை. ஆனால் பால் வந்தது. தானாகவே எழுந்து அடுத்த மரத்துக்குப் போனாள். பதினொரு மணிக்கு முழு நிரையையும் முடித்துவிட்டு வெளியே வந்தபோது மானேஜர் ரோட்டில் மோட்டார் சைக்கிளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நிரை அவளுக்கே என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் மாசத்தின் முதல் தேதி. அன்றைக்கு மட்டும் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நல்லசாமி வந்து புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார், மண்டோர் பேரையும் சேர்த்து. நானும் வரிசையில் நின்றேன்.

"மயிலம்மா."

"வந்தாச்சு!"

அவள் குரல். அவள் குரல் மட்டும்தான். பஞ்சாலை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாலு மாசத்துக்குப் பிறகு வரிசையில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

கிராணி கடைசிப் பேருக்கு வந்தார்.

"மண்டோர் வீரமுத்து."

நான் வாயைத் திறந்தேன்.

"வந்தாச்சு."

என் தோளுக்குப் பின்னால், மிக அருகில்.

உடம்பு முடியாதவர் பேருக்குத்தானே அவள் பதில் சொல்வாள், எனக்கு ஒரு நோவும் இல்லை. கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. "நான் நல்லாத்தான்லா இருக்கேன்" என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மயிலம்மாள் வரிசையை விட்டு விறுவிறுவென்று நடந்து வந்தாள். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பின்னால் இருந்த இருட்டைப் பார்த்தாள்.

"எத்தன நாளைக்குக்கா?" என்று கேட்டாள்.